அருள்நாயகம் அண்ணை எடுத்துவிட்ட பந்தி

அருள்நாயகம் அண்ணையின் பெயரை எங்கள் கட்டடத்தில் இப்போது எடுத்தால் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எங்களைக் கள்ளர் என்று எழுதிக்கொடுத்தவர் என்பதுதான் அவருக்குக் கிடைத்திருக்கிற பட்டம். அதைச் சொல்கிறவர்களில் பாதிப்பேருக்கு அகதி வழக்குப் படிவம் நிரப்பிக்கொடுத்தவரே அவர்தான். கேட்க எனக்கு எரிச்சல் வருகிறது. அவர் செய்தது பிழைதான், இல்லையென்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பிழையைச் செய்யச் சொல்லி வாய் கிழியக் கதைத்தவள் நான். என்னை இன்றுவரைக்கும் ஒருவரும் திட்டவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

ரொறன்ரோவில், பார்க்டேல் என்ற பகுதியில், ஏழாம் மாடியில், அவர்கள் வீட்டுக் கதவும் எங்கள் வீட்டுக் கதவும் நேரெதிர். நாங்கள் மன்னார் வேதக்காரர், கத்தோலிக்கச் சனம். அவரும் மனைவி புனிதவதி அக்காவும் யாழ்ப்பாணத்துச் சைவர்கள். பிள்ளைகள் இல்லை. அண்ணை யாழ்ப்பாணக் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் பத்தொன்பது வருசம் புள்ளிவிபரக் கிளையில் இருந்தவர். எந்தக் கிராமத்தில் எவ்வளவு சின்ன வெங்காயம் விளைந்தது என்று கணக்கெடுப்பது அவருடைய வேலை. ஒருநாள் நான் பகிடியாக, "வெங்காயத்தை எண்ணுறதுக்கு ஒரு படிப்பே அண்ணை?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை.

"மண்ணிலை விளைஞ்ச வெங்காயமும் இருக்கு பிள்ளை, ஊர்க்கணக்குக் குடுக்கிற விதானையார் தன்ர வீட்டிலை இருந்து கடதாசியிலை விளைய வைச்ச வெங்காயமும் இருக்கு. ரெண்டையும் பிரிச்சு அறியிறதுதான் படிப்பு" என்றார்.

அப்படிப்பட்ட மனிதர் 1991இல் ரொறன்ரோவுக்கு வந்து, பாண் சுடுகிற தொழிற்சாலையில் தட்டு அடுக்கினார். விடிய ஐந்து மணிக்கு பஸ் எடுத்தால் பின்னேரம் நாலு மணிக்கு மாவும் சீனியும் மணக்க வந்து சேருவார். வந்ததும் குளித்து, வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு மேசையில் இருந்து வேலைக்கு விண்ணப்பம் எழுதுவார். ஏழு வருசமாக எழுதினார். பதில் போட்டவர்கள் எல்லாரும் ஒன்றைத்தான் கேட்டார்கள்: கனேடிய அனுபவம் இருக்கிறதா? வேலை தராமல் அனுபவம் எங்கே இருந்து வரும் என்று இந்த நாட்டில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. புனிதவதி அக்கா மட்டும் அந்தக் கடிதங்களை மடித்து ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் போட்டு வைப்பார். ஏன் வைக்கிறீர்கள் என்றால், "அவர் எறிய விடுறாரில்லை" என்பார்.

1997 ஒக்டோபரில் எங்கள் வீட்டை உடைத்தார்கள். நான் ஆஸ்பத்திரியில் துப்பரவு வேலை முடித்து வந்து பார்த்தால் கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. ரீவியும் இல்லை, விசிஆரும் இல்லை. என் மனுசன் எட்வேட் வந்து செய்த முதல் வேலை கதவைச் சாத்தியதுதான். "ஒருத்தருக்கும் சொல்லாதை" என்றார். எங்கள் அகதி வழக்கு அப்போது முடியவில்லை. பொலிஸ் வீட்டுக்குள் வந்தால் எங்கள் பெயர் ஒரு ஃபைலில் ஏறும், அந்த ஃபைல் ஒருநாள் இமிகிரேஷன்காரன் மேசைக்குப் போகும் என்பது அவருடைய சட்ட ஞானம். அவரை மட்டும் சொல்ல முடியாது. எங்கள் கட்டடமும் பக்கத்துக் கட்டடமும் தமிழ்ச் சனம். யாருடைய வீட்டில் எது போனாலும் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பார்கள். ஊரில் தானாகப் பொலிசுக்குப் போய்ப் பெயர் கொடுத்தவனின் கதியைக் கண்டு வந்தவர்கள் நாங்கள். கள்ளனுக்குப் பயந்ததைவிடப் பொலிசுக்குத்தான் கூடப் பயந்தோம். கள்ளனுக்கும் அது தெரிந்திருந்தது.

எதிர்வீட்டுக் கதவைத் திறந்து அருள்நாயகம் அண்ணை வந்தார். உடைந்த பூட்டைப் பார்த்தார்.

"பொலிசுக்கு ரெலிபோன் அடிச்சனீங்களோ?"

"வேண்டாம் அண்ணை. எங்களுக்கேன் வில்லங்கம்."

"எழுதாட்டி இது நடக்கேல்லை பிள்ளை. உங்கட வீட்டிலை களவு போகேல்லை. இந்தக் கட்டடத்திலை களவெண்டதே இல்லை. பிறகு நல்ல பூட்டுப் போட லாண்ட்லோட்டுக்கு என்ன விசரே?"

அவரே ரெலிபோன் எடுத்தார். பொலிஸ் வந்தது. அவர்தான் இங்கிலிசில் எல்லாம் சொன்னார். ரீவி வரவில்லை. ஆனால் எட்வேட் பயந்தபடி எங்களை ஒருவரும் நாடு கடத்தவும் இல்லை. கதை பரவியது. அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே லோன்றி றூமில் ஒரு மடக்கு மேசையைப் போட்டுக்கொண்டு இருந்தார். உடுப்புத் தோய்க்க வருகிற சனம் பக்கத்தில் இருந்து சொல்லும். கார்க் கண்ணாடி உடைந்தது, சைக்கிள் போனது, செக் வருகிற கடிதப்பெட்டியை யாரோ நெம்பினது. அவர் எழுதி, சிலரைக் கூட்டிக்கொண்டு ஸ்ரேசனுக்கும் போவார். ஆறு மாதத்தில் முன்வாசலுக்குப் புதுப் பூட்டு வந்தது. எட்டு வருசமாகக் கேட்டுக் கிடைக்காத பூட்டு அது.

அதே வருசம் நவம்பரில்தான் எங்கள் தெரு முடிகிற தொங்கலில், பழைய சப்பாத்துத் திருத்துகிற கடைக்கு மேலே, கஞ்சா கொடுக்கிற வீடு திறந்தது. நினைக்கிற மாதிரி இல்லை. எய்ட்ஸ்காரர், கான்சர்காரர், டாக்குத்தரின் கடிதத்தோடு வந்தால் சாப்பாடு இறங்குவதற்கும் நோவு தணிவதற்கும் கொடுப்பார்கள். சட்டம் அதற்கு ஓம் என்று சொல்லவில்லை. பொலிஸ் பார்த்தும் பாராமல் இருந்தது. ஆஸ்பத்திரியில் நிலம் துடைக்கிற எனக்கு அந்த ஆட்களின் தோல் நிறம் தெரியும். படியேற முடியாமல் பாதியில் குந்தியிருந்து மூச்சு வாங்குவார்கள். அவர்களா போய் ரீவி தூக்குவார்கள்?

ஆனால் தெருவில் கடை வைத்திருக்கிறவர்களுக்குப் பொறுக்கவில்லை. கடைக்காரரும் வீட்டுக்காரரும் சேர்ந்த சங்கம் ஒன்று, அந்த வீட்டால் குற்றம் கூடிவிட்டது, மாநகரசபை அதை மூடவேண்டும் என்று புறப்பட்டது. சங்கத்தில் இருந்த ஒரே தமிழர் பலசரக்குக் கடை கிறிஸ்துநாயகம். அவருடைய கடை சப்பாத்துக் கடைக்குப் பக்கத்தில். செயலாளராக இருந்தவர் மிஸிஸ் டொனெலி என்ற வெள்ளைக்காரப் பெண்மணி. அரசாங்கத்துக்கு ஆய்வு செய்து கொடுக்கிற ஒரு கம்பனியில் பெரிய வேலை. ஆதாரம் வேண்டும், எண்கள் வேண்டும் என்று அவர் சொல்ல, கிறிஸ்துநாயகம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்கட ஆள் ஒருத்தர் இருக்கிறார், கணக்கிலை புலி" என்று அருள்நாயகம் அண்ணையைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

மிஸிஸ் டொனெலி நேராகவே சொன்னாராம். அறிக்கையின் முகப்பில் உங்கள் பெயர் இருக்கும். அது உங்கள் கனேடிய அனுபவம். இளவேனிலில் எங்கள் கம்பனியில் ஒரு ஆய்வாளர் இடம் வருகிறது, நான் கடிதம் தருவேன். அண்ணை அதை வந்து சொன்னபோது புனிதவதி அக்கா தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். ஏழு வருசத்தில் அந்த மனிதரின் முகத்தில் நான் முதல்முறை வெளிச்சத்தைக் கண்டேன்.

1998இன் கடைசி இரண்டு மாதமும் அவருக்கு வேறு நினைப்பே இல்லை. பொலிசிடமிருந்து முகவரி முகவரியாகப் பதிவுகளை வாங்கினார். கஞ்சா வீட்டை நடுவில் வைத்து வரைபடத்தில் ஒரு வட்டம் கீறினார். திறப்பதற்கு முந்திய ஒரு வருசம், திறந்த பின் ஒரு வருசம். ஒப்பிட்டுப் பார்க்க அப்படியான வீடு இல்லாத இன்னொரு பகுதியிலும் அதேயளவு வட்டம். மழைக்கும் பனிக்கும் குடை பிடித்துக்கொண்டு தெருவைக் காலடியால் அளந்ததை நான் பஸ்ஸில் இருந்து பார்த்திருக்கிறேன். எங்கள் வட்டத்துக்குள் முதல் வருசம் முப்பத்துநாலு குற்றங்கள். அடுத்த வருசம் அறுபத்தொன்று. மற்ற வட்டத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மிஸிஸ் டொனெலி அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினாராம். சங்கம் கேட்டது அதைத்தான்.

இரண்டு நாள் கழித்து அண்ணை எங்கள் வீட்டுக்கு வந்தார். முகம் கறுத்திருந்தது. கடதாசிகளைக் குசினி மேசையில் பரப்பினார்.

"பிள்ளை, உந்த அறுபத்தொண்டிலை முப்பது எங்கட ரெண்டு கட்டடத்திலையும் நடந்தது. முதல் வருசம் எங்கட கட்டடங்களிலை எத்தினை தெரியுமே? ஒண்டு. அதுவும் உங்கட வீடு உடைச்சது, நான் ரெலிபோனிலை சொன்னது."

"அப்ப கூடித்தானே இருக்கு?"

"கூடேல்லை. முந்தி ஒருத்தரும் சொல்லேல்லை. இப்ப சொல்லுகினம். முப்பதும் நான் லோன்றி றூமிலை இருந்து எழுதினது. எங்கட கட்டடங்களை விட்டிட்டுப் பார்த்தால் முந்தி முப்பத்துமூண்டு, இப்ப முப்பத்தொண்டு. அந்த வீட்டாலை ஒரு களவும் கூடேல்லை. கூடினது என்ர பேனைதான்."

அதை அவர் ஏழெட்டு வரிப் பந்தியாக அறிக்கையில் எழுதியிருந்தார், நாலாம் பக்கத்தில். மிஸிஸ் டொனெலி வாசித்துவிட்டு, இது வாசிப்பவர்களைக் குழப்பும், எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். எடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை.

புனிதவதி அக்கா கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றார். "உங்களுக்குச் சரியெண்டு பட்டதைச் செய்யுங்கோ" என்றார். ஏழு வருசக் களைப்பு அந்தக் குரலில் இருந்தது. அதைக் கேட்டு எனக்குத் தாங்கவில்லை. நான் தொடங்கினேன்.

"அண்ணை, ஒரு பந்தி. ஒரே ஒரு பந்தி. நீங்கள் பொய் எழுதேல்லை. அறுபத்தொண்டு அறுபத்தொண்டுதானே? அவையள் கேட்டது அது. மிச்சத்தை ஏன் நீங்களாப் போய்ச் சொல்லுறியள்? இந்த நாட்டிலை ஆர் எங்களுக்காக ஒரு பந்தி எழுதினவை? அக்காவின்ர முகத்தைப் பாருங்கோ."

"அந்த நோயாளியள், பிள்ளை..."

"அவையளுக்கு டாக்குத்தர் இருக்கு, லோயர் இருக்கு. உங்களுக்கு ஆர் இருக்கினம்?"

நான் ஒவ்வொரு நாளும் அவர்களுடைய வாந்தியைத் துடைக்கிறவள். அந்த வாயால் இதைச் சொன்னேன்.

அவர் பேனையை எடுத்து மூடியைக் கழற்றினார். பிறகு பந்தியின் மேல் கோடு போட்டார். ஆனால் பின்னிணைப்பில் இருந்த முகவரி அட்டவணையை மட்டும் தொடமாட்டேன் என்றார். "விளக்கத்தை எடுக்கலாம், தரவை எடுக்கேலாது. தரவை எடுத்தால் நான் விதானையார்" என்றார். மனச்சாட்சிக்கு ஒரு துண்டு மிச்சம் வைத்துவிட்ட நிம்மதியோடு எழும்பிப் போனார். முழுதாகப் பொய் சொல்லியிருந்தால் தப்பியிருப்போம். முழுதாக உண்மை சொல்லியிருந்தாலும் தப்பியிருப்போம்.

1999 பெப்ரவரியில், ஒரு பின்னேரம், நூலக மண்டபத்தில் மாநகரசபை விசாரணை. அருள்நாயகம் அண்ணை கல்யாணத்துக்குப் போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு முன் வரிசையில் இருந்தார். நாங்கள் பத்துப் பன்னிரண்டு தமிழ்ச் சனம் பின்னால். எங்களுடைய ஆள் இங்கிலிசில் வெள்ளைக்காரருக்குப் பாடம் எடுக்கப்போகிறார் என்ற புளுகமும் பெருமையும் எங்களுக்கு. அவரும் நன்றாகத்தான் பேசினார். வட்டம், முந்திய வருசம், பிந்திய வருசம், முப்பத்துநாலு, அறுபத்தொன்று. சங்கத்துக்காரர் கை தட்டினார்கள். புனிதவதி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

பிறகு கஞ்சா வீட்டின் லோயர் எழும்பினாள். சின்னப் பெட்டை, சளி பிடித்த குரல். பின்னிணைப்பின் அட்டவணையை விரித்தாள். உங்கள் அட்டவணையின்படி, இந்த வீடு இருக்கிற தெருப்பக்கத்தில் குற்றம் கூடவில்லையே, குறைந்தல்லவா இருக்கிறது என்றாள். அண்ணை ஓம் என்றார். கூடியது முழுவதும் இந்த இரண்டு கட்டடங்களில். ஒன்றிலிருந்து முப்பது. அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று அடுத்துக் கேட்டாள்.

அண்ணை பதில் சொல்வதற்கு முன்பே சபைத் தலைவர் பின்வரிசையைப் பார்த்தார். அவர் பார்த்ததும் மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. கள்ளரைப் பார்க்கிற பார்வை எப்படியிருக்கும் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. நான் என் கைப்பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டேன், ஏனென்று தெரியாது.

அண்ணை எழும்பினார். இல்லை, அங்கே குற்றம் கூடவில்லை, முன்பு எங்கள் சனம் பொலிசுக்குச் சொல்வதில்லை, இப்போதுதான் சொல்கிறார்கள், இந்த முப்பதையும் எழுதிக்கொடுத்தவன் நான்தான் என்றார்.

லோயர் பெட்டை அட்டவணையைக் கீழே வைத்தாள். "அப்படியென்றால் குற்றங்களை நீங்களே எழுதிக்கொடுத்து, பிறகு நீங்களே எண்ணினீர்கள்?" என்றாள். மண்டபம் சிரித்தது. கொடுமையாகச் சிரிக்கவில்லை, நல்ல பகிடிக்குச் சிரிக்கிற மாதிரித்தான் சிரித்தார்கள். அது இன்னும் மோசம்.

இது ஏன் உங்கள் அறிக்கையில் இல்லை என்று தலைவர் கேட்டார். அண்ணை மிஸிஸ் டொனெலியைப் பார்த்தார். அந்த மனுசி குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். பிறகு அண்ணை என்னையும் ஒருமுறை பார்த்தார். நான் கண்ணைக் கீழே போட்டேன்.

"நான்தான் எடுத்துவிட்டேன்" என்றார். ஒருவர் பெயரையும் சொல்லவில்லை.

அதன்பிறகு அவர் சொன்ன எதையும் ஒருவரும் நம்பவில்லை. ஒன்றை மறைத்தவன் தன்னைக் காப்பாற்ற இப்போது கதை கட்டுகிறான் என்று நினைத்தார்கள். ஆனால் அவருடைய அட்டவணையை மட்டும் நம்பினார்கள். கஞ்சா வீட்டை மூடத் தேவையில்லை என்று முடிவானது. அந்த நோயாளிகள் மட்டில் எனக்குச் சந்தோசம்தான். இரண்டு கட்டடங்களுக்கும் விசேச பொலிஸ் ரோந்து என்றும் முடிவானது. வட்டாரப் பத்திரிகை ஒன்றில் எங்கள் கட்டடத்தின் படம் வந்தது, கீழே முப்பது மடங்கு என்று எழுதி.

மிஸிஸ் டொனெலியிடமிருந்து ரெலிபோன் வந்தது. அந்த இடத்துக்குக் கம்பனிக்குள்ளேயே ஆள் எடுத்துவிட்டார்களாம். கிறிஸ்துநாயகம் கடையில் வைத்து, "உம்மைக் கொண்டுபோய் நிப்பாட்டினன் பாரும், என்ர தலையிலை நானே மண்ணள்ளிப் போட்டன்" என்று நாலு பேர் முன்னால் சொன்னார். வேலையால் வருகிற ஆம்பிளைகளை வாசலில் மறித்துப் பொலிஸ் அடையாள அட்டை கேட்டது. எட்வேட்டை ஒரு கிழமையில் மூன்று தரம் கேட்டார்கள். தமிழ்ப் பெயரோடு வீடு கேட்டு வருகிறவர்களைக் கட்டட ஒஃபீசில் இல்லை என்று அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை லோன்றி றூமில் மடக்கு மேசையும் அண்ணையும் இருந்தார்கள். சனம் உடுப்பைப் போட்டுவிட்டு வெளியே போய் நின்றது. மூன்றாவது கிழமை அவர் மேசையை மடித்து மேலே கொண்டுவந்துவிட்டார். விண்ணப்பம் எழுதுவதையும் நிறுத்திவிட்டார். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தால் குடிப்பார். நான் சொன்னதைப் பற்றி ஒருநாளும் வாய் திறக்கவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

செப்டெம்பரில் ஒரு மத்தியானம் நானும் புனிதவதி அக்காவும் சாமான் வாங்கிக்கொண்டு எலிவேற்றரில் ஏறினோம். கதவு மூடப்போகும் நேரம் ஒருவன் கையை உள்ளே விட்டு அக்காவின் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்தான். அக்கா முழங்காலில் விழுந்தார். கொடி அறுந்து அவன் கையோடு போய்விட்டது. அவன் எங்கள் ஆளில்லை, நான் முகத்தைப் பார்த்தேன். கழுத்தைச் சுற்றிக் கயிறு அறுத்தமாதிரி இரத்தக் கோடு.

மேலே போனதும் நான் ரெலிபோனைத் தூக்கி அண்ணையிடம் கொடுத்தேன். அன்றைக்கு அவருக்கு லீவு. அவர் அக்காவின் கழுத்தைப் பார்த்தார். நம்பர் அமத்தத் தொடங்கினார். அக்கா எட்டிப் பிடித்துக் கொக்கியில் கையை வைத்து அமத்தினார்.

"வேண்டாம். சொன்னால் எங்கட கட்டடத்துக்கு ஒண்டு கூடும். சனம் பிறகும் உங்களைத்தான் பேசும்."

"புனிதம், உது தாலி."

"தெரியும்."

நான் சொல்லியிருக்கலாம், அடியுங்கோ அண்ணை என்று. ஒரு தரம் சொல்லிக் கெடுத்தவள் என்பதால் என் வாய் எழும்பவில்லை. அவர் ரெலிபோனை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய் டெற்றோல் எடுத்து வந்தார். பஞ்சால் ஒற்றும்போது அக்கா ஒரு சத்தமும் போடவில்லை.

டிசெம்பரில் எல்லாருடைய கடிதப்பெட்டியிலும் எங்கள் வட்டார மாநகரசபை உறுப்பினரின் செய்திமடல் கிடந்தது. இரண்டு கட்டடங்களிலும் ரோந்து வைத்ததன் பின் குற்றங்கள் முப்பதிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டன, இது பெரிய வெற்றி என்று படத்தோடு போட்டிருந்தார்கள். நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். அண்ணை அதை வாசித்துத் தமிழில் சொன்னார். அக்கா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்:

"உந்த ரெண்டிலை நான் ஒண்டோ?"

"இல்லை" என்றார் அருள்நாயகம் அண்ணை.